பதினேழில் ஓர் எழுத்து: கார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் நான் பெற்ற சேவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரின் இருக்கை மட்டத்துக்கு வெள்ளம் ஏறியது. 2019-இல் வண்டி வாங்கிய நாள் முதல் ஒரே தனியார் நிறுவனத்தில் பாலிசியைப் புதுப்பித்து வந்த நான், அப்போதுதான் முதன்முறையாக இழப்பீடு கேட்டேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. கட்டணமில்லாத் தொலைபேசியில் பேசிய பெண் முதலில் சொன்னது, எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பாதீர்கள் என்பதுதான். எஞ்சின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டாதவர்களுக்கு அந்தச் சேதத்தை நிறுவனம் பெரும்பாலும் ஏற்பதில்லை. என்னிடம் அந்தக் கூடுதல் பாதுகாப்பு இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்புக்கு சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயரும் பொறுப்பானவர். சேறு படிந்த சேசிஸ் எண்ணைத் துணியால் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார். சிக்கல் அங்கேதான் வெளிப்பட்டது. எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணில், வண்டியிலும் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழிலும் 8 என்று இருந்த ஓர் இலக்கம், பாலிசித் தாளில் 3 என்று இருந்தது. முதல் ஆண்டு தட்டச்சில் நேர்ந்த பிழை, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அப்படியே படியெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. பிரீமியத்தை வாங்கும்போது ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்க்காத எண்ணை, பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் பார்த்து, எண்கள் பொருந்தவில்லை என்று கோரிக்கையை நிறுத்திவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

பாலிசியில் திருத்தத்தைப் பதிந்து தரும் எண்டார்ஸ்மென்ட் பெற பாளையங்கோட்டைக் கிளைக்குச் சென்றால் சென்னைக்கு எழுதச் சொன்னார்கள். சென்னைக்கு எழுதினால் கிளையை அணுகுமாறு பதில் வந்தது. ஆர்.சி. நகல், வண்டி வாங்கிய பில், கையெழுத்திட்ட கடிதம் ஆகிய அதே தாள்களை மூன்று முறை கொடுத்தேன். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதியும் பயனில்லாததால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்தேன். நான்காம் நாள் திருத்தம் மின்னஞ்சலில் வந்தது. அதுவும் பயன்படாமல் போயிருந்தால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிட்டிருப்பேன். நிறுவனம் கைவிரித்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் அவரை அணுகலாம்.

பணம் 53-ஆம் நாள் வந்தது. பாகங்களின் பழமைக்காகத் தொகையைக் குறைக்காத தேய்மானமில்லாப் பாலிசி எடுக்காததால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதமும், நான்கு ஆண்டு கடந்த வண்டி என்பதால் உலோகப் பாகங்களுக்கு 35 சதவீதமும், வண்டிக்காரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக 1,000 ரூபாயும் பிடித்தார்கள். இவை பாலிசி விதிப்படி சரியானவை; அதில் எனக்கு வருத்தமில்லை. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடியாக 45 சதவீதம் வரை வளர்ந்திருந்த நோ கிளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பித்தலில் பறிபோனதும் விதிப்படியே.

சர்வேயருக்கும் தொலைபேசிச் சேவைக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். ஆவணப் பிரிவுக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. 2024-இல் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டேன். பணம் கட்டுவதற்கு முன் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த 17 எழுத்துகளையும் முகவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.