சேலையூரா, முடிச்சூரா, மேடவாக்கமா?

சென்னைக்குத் தெற்கே தனி வீடு தேடும் குடும்பங்களின் பட்டியலில் எப்படியும் இந்த மூன்றும் வந்துவிடும். புரோக்கர் வீட்டைத்தான் காட்டுவார், தெருவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் இருக்கிற பணத்துக்கு விசாலமான வீடு வேண்டுமென்றால் முடிச்சூர்தான். கார் நிற்க இடம், பின்னால் துவைக்கிற கல், ஒரு முருங்கை மரம், எல்லாம் அமையும். வெளிவட்டச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது, 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு ஊருக்குப் போய்வருவதும் சுலபமாகிவிட்டது. ஆனால் அடையாறும் பக்கத்தில்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் இந்தத் தெருக்களில் படகு விட்டுத்தான் ஆட்களை மீட்டார்கள். அப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள், கால்வாய் வெட்டினார்கள், சரி, ஆனாலும் கனமழை என்றதும் வரதராஜபுரம், முடிச்சூர் என்றுதானே செய்தியில் பெயர் அடிபடுகிறது?

அங்கே வீடு பார்க்கப் போனால் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் விடுங்கள். வாசலில் நின்று, தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டே ரோடு உயர்ந்து, போர்டிகோ பள்ளத்தில் கிடக்கிற வீடுகள் மூன்று ஊரிலும் உண்டு. புதிதாக வெள்ளையடித்த காம்பவுண்டு சுவரில் இடுப்பளவுக்குக் கீழே மட்டும் பெயிண்ட் உரிந்திருந்தால், மீட்டர் பெட்டியை மட்டும் ஆள் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எதிரே கடை வைத்திருப்பவர் இன்னும் தெளிவாகச் சொல்வார்.

மேடவாக்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. சோழிங்கநல்லூர், பெருங்குடிப் பக்கம் ஐடி வேலை என்றால் வசதி, கடைகண்ணிக்குக் குறைவில்லை. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ பாதை இந்த வழியாகத்தான் அமைகிறது, அதைச் சொல்லியே விலையையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த இடம், அதைச் சுற்றி மனை வாங்குகிறவர்கள் பட்டா, வில்லங்கம் எல்லாவற்றையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

என் ஓட்டு சேலையூருக்குத்தான். வீடு சின்னது, பழசு, ஒரே பாத்ரூமாகக்கூட இருக்கும். கேம்ப் ரோடு சிக்னலில் சாயங்காலம் மாட்டினால் பொறுமை போய்விடும், விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானச் சத்தம் வேறு. ஆனால் ஷேர் ஆட்டோ ஏறினால் தாம்பரம் ஸ்டேஷன். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற தடம், பீச் ஸ்டேஷன் வரைக்கும் எந்த டிராஃபிக்கும் அதைத் தொடாது. காலேஜுக்குப் போகிற பெண்ணும், எழும்பூரில் வேலை பார்க்கிற அப்பாவும், மாம்பலத்துக்குத் துணி எடுக்கப் போகிற பாட்டியும் யாரையும் வண்டியில் கொண்டுவிடச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். கூடுதல் பெட்ரூமை விட இது பெரிய விஷயம். ஏரியை ஒட்டிய தாழ்வான தெருக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரகடம், படப்பைப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும், அவருக்கு முடிச்சூர் ரோடுதான் நேர்வழி. அப்படியானால் மேடான தெருவாகப் பார்த்து, நவம்பர் மழையில் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.