மணியோடு எட்டு வருடம்: ஒரு கவலியர் ஸ்பானியல் வளர்த்த அனுபவம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்ன நோட்டு தொங்குகிறது. அதில் தேதியும் பக்கத்தில் ஓர் எண்ணும் மட்டும்தான். 18, 20, 19, 22 என்று போகும். எங்கள் நாய் மணி தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறான் என்கிற கணக்கு அது. வாரத்தில் மூன்று நாள், ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, அவன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தபடி முப்பது விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கி எழுதிவைப்பேன். கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் என்ற இந்தச் சிறு நாய் இனத்தை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் இந்த நோட்டைத்தான் முதலில் காட்டத் தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங்கில். 2017 நவம்பரில் மணி வந்தபோது அவனுக்கு எட்டு வாரம். இப்போது எட்டு வயது முடிந்துவிட்டது. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள், இரண்டு காதும் முழுச் செம்பழுப்பு, உச்சந்தலையில் கட்டைவிரல் வைத்து எடுத்த மாதிரி ஒரு பொட்டு. இந்த நிறத்தை பிளெனிம் என்கிறார்கள். மார்ல்பரோ பிரபுக்களின் பிளெனிம் அரண்மனையில் இப்படிப்பட்ட ஸ்பானியல்களை வளர்த்ததால் வந்த பெயர். மூவண்ணம், கறுப்பும் பழுப்பும், முழுவதும் செம்மையான ரூபி என்று இன்னும் மூன்று நிறங்கள் உண்டு. நிறத்தைப் பொறுத்துக் குணம் மாறும் என்று சிலர் சொல்வார்கள். நான் தேம்ஸ் கரையில் பார்த்துப் பழகிய கவலியர்கள் எல்லா நிறத்திலும் ஒரே குணம்தான்: முன்பின் தெரியாதவர் பெஞ்சில் உட்கார்ந்தாலும் போய் அவர் காலில் சாய்ந்துகொள்ளும். காவலுக்கு நாய் வேண்டும் என்றால் இந்த இனம் வேண்டாம்.

வாங்கப் போன கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பராமரிப்பு அங்கேயே முடிவாகிவிடுகிறது. நாங்கள் முதலில் பேசியவர் குட்டியின் படங்களை அனுப்பினார், விலை சொன்னார், அப்புறம் வீட்டுக்கு வர வேண்டாம், மோட்டார்வே ஓரத்துக் கார் நிறுத்தத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்றார். தாயைப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு, அது வேறு ஊரில் இருக்கிறது என்று பதில் வந்தது. என் மகள் படத்தைப் பார்த்தே பெயர் வைத்துவிட்டாள். அவளைச் சமாதானம் செய்ய இரண்டு நாளாயிற்று, ஆனால் நாங்கள் போகவில்லை.

இப்போது இங்கிலாந்தில் அப்படி விற்க முடியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர்கள் விற்பதை 2020 ஏப்ரல் 6 முதல் சட்டம் தடைசெய்கிறது. குட்டியைப் பிறந்த இடத்திலேயே தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அந்தச் சட்டத்தை எல்லாரும் லூசி சட்டம் என்கிறார்கள். லூசி ஒரு கவலியர்தான். வேல்ஸில் நாய்க்குட்டிகளை விற்பனைக்காகப் பெருக்கும் ஒரு பண்ணையில் ஈன்று ஈன்று உடம்பு சிதைந்த நிலையில் 2013இல் மீட்கப்பட்டு, 2016இல் இறந்துபோனது. அதன் படத்தை ஒரு தடவை பார்த்த பிறகு கார் நிறுத்தத்தில் குட்டி வாங்க யாருக்கும் மனம் வராது.

நாங்கள் மணியை வாங்கிய பிரீடர் அம்மா, அதாவது நாய் வளர்த்துக் குட்டி விற்பவர், வேறு மாதிரி. எட்டு மாதம் காத்திருக்க வைத்தார். நாங்கள் கேட்டதைவிட அவர் கேட்ட கேள்விகள்தான் அதிகம்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், தோட்டத்துக்கு வேலி இருக்கிறதா. அப்புறம் ஒரு கோப்பைத் திறந்து மேசையில் பரப்பினார். தாய், தந்தை இரண்டுக்கும் இரண்டரை வயதுக்கு மேல் இதய நிபுணர் பார்த்துக் கொடுத்த சான்று, தாத்தா பாட்டிகளுக்கு ஐந்து வயதில் இதயம் சுத்தமாக இருந்ததற்கான சான்று, தலைக்கும் கழுத்துக்கும் எடுத்த எம்ஆர்ஐ முடிவு. கூடவே இரண்டு மரபணுப் பரிசோதனை முடிவுகள். ஒன்று, திடீரென்று உடம்பு விறைத்து விழும் நோய்க்கு. இன்னொன்று, கண் வறண்டு ரோமம் சுருளும் நோய்க்கு. குட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் காகிதங்களைக் கேளுங்கள். "எங்கள் கால்நடை மருத்துவர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்" என்று வாயால் சொல்வது இதற்கு ஈடாகாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், இந்த இனமே முகத்துக்காக மீட்டெடுக்கப்பட்டது. இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் காலத்து ஓவியங்களில் இருக்கும் ஸ்பானியல்களுக்கு மூக்கு நீளம். விக்டோரியா காலத்தில் சப்பை மூக்கு மோகம் வந்து அந்த முகமே மறைந்துபோயிற்று. ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் இங்கே வந்து தேடிப் பார்த்து, பழைய முகத்தோடு ஒரு ஸ்பானியல் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு என்று 1926இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிவித்தார். 1928இல் தனிச் சங்கம் உண்டானது, 1945இல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாய்களிலிருந்து பெருகிய இனம் இது. அவற்றின் அழகோடு நோயும் சேர்ந்தே வழிவழியாக இறங்கியிருக்கிறது.

அந்த நோய் மைட்ரல் வால்வு நோய். கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு தேய்ந்தால் என்ன ஆகும் என்று ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஏற்றிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும். இதயத்தின் இடது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு தடித்துச் சரியாக மூடாமல் போனால், வெளியே போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைக்கே திரும்புகிறது. ஸ்டெதஸ்கோப்பில் அது மர்மர் சத்தமாகக் கேட்கும். வயதான எந்தச் சிறு நாய்க்கும் வரக்கூடியதுதான், ஆனால் கவலியர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஐந்து வயதிலேயே பாதிக்குப் பாதி நாய்களுக்கு மர்மர் இருக்கும், பத்து வயதில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும்.

மண்டையோடு மூளைக்குப் போதாமல் சிறுத்து, தண்டுவடத்தில் நீர் கோக்கும் இன்னொரு நோயும் உண்டு. அதில் நாய் நடந்துகொண்டே தோள் பக்கம் காலைத் தூக்கிச் சொறியும். கால் உடம்பில் படாது, காற்றைத்தான் சொறியும். ஆற்றங்கரையில் அப்படி ஒரு நாயைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கையாக இருக்கிறதென்று ஒரு பையன் வீடியோ எடுத்தான். நாயைக் கூட்டிவந்த பெரியவர் அது வலி என்று அவனிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மணிக்கு இதுவரை அது இல்லை.

அன்றாடப் பராமரிப்பில் கஷ்டமானது ரோமம் இல்லை, தனிமை. இந்த நாயால் தனியாக இருக்க முடியாது. குளியலறை வாசலில்கூட படுத்துக் காத்திருக்கும். 2022இல் இரண்டு பேரும் மறுபடி அலுவலகம் போக ஆரம்பித்தபோது, பக்கத்து வீட்டு அம்மா தயங்கித் தயங்கி வந்து, மத்தியானம் முழுக்க ஊளையிடுகிறான் என்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று வெளியே போய் வந்து பழக்கினோம். அப்படியும் மூன்று மணி நேரம்தான் தாங்குகிறான். அதற்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறோம். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்த நாயைக் கொண்டுவருவது பாவம்.

அடுத்தது வாய். எவ்வளவு போட்டாலும் தின்பான். பாளையங்கோட்டையிலிருந்து என் மாமியார் ஆறு மாதம் தங்க வந்திருந்தார். நாயை வீட்டுக்குள் விடலாமா என்று முதல் வாரம் முகம் சுளித்தவர், இரண்டாவது வாரம் இட்லியைப் பிய்த்து மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, பச்சப்புள்ள மாதிரி பாக்குறான், வெறும் வாயோட எப்படி இருப்பான்?" கவலியரின் எடை 8.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அத்தை ஊருக்குக் கிளம்பும்போது அவன் 9.6. உலர் தீனியைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டுத்தான் பிறகு குறைத்தோம். இட்லியாவது எடையோடு போயிற்று. சித்திரை முதல் நாள் பாயசத்திலிருந்து உலர்திராட்சை தரையில் சிந்த, நாங்கள் குனிவதற்குள் விழுங்கிவிட்டான். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், இத்தனை தின்றால் ஆபத்தில்லை என்று அளவும் சொல்ல முடியாது. உடனே வண்டியை எடுத்து மருத்துவரிடம் ஓடினோம், ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். அத்தை வரவேற்பறையில் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே இருந்தார். நம் சமையலறையில் வெங்காயமும் பூண்டும் இல்லாத பாத்திரமே கிடையாது, அவையும் நாய்க்கு ஆகாது. சாம்பார் ஊற்றிய சோறு வேண்டவே வேண்டாம்.

ரோமத்துக்கு வாரம் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம் போதும். காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பாருங்கள். மேலே வாரினது போல் பளபளப்பாக இருக்கும், அடியில் தேங்காய் நார் மாதிரி சிக்கு கட்டியிருக்கும். நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும், நம் தலைக்குச் சிக்கெடுப்பது போலத்தான். தண்ணீர்க் கிண்ணம் வாய் குறுகினதாக இருந்தால் காது நனையாது.

கோடையில் புல் விதையைக் கவனிக்க வேண்டும். வேட்டியில் ஒட்டும் நாயுருவி வெளியோடு நின்றுவிடும், இந்த ஊர்க் காட்டு பார்லியின் கதிர்முள் அப்படியில்லை. ஒரு பக்கமாகவே நகர்ந்து தோலுக்குள் புகுந்துவிடும். ஒரு ஜூலை மாதம் மணி வலது முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தான். இரண்டு விரலுக்கு நடுவில் மொச்சைக்கொட்டை அளவு வீக்கம். மயக்க மருந்து கொடுத்து எடுத்த விதையை மருத்துவர் ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கையில் தந்தார். அதற்கப்புறம் நடந்து வந்ததும் நாலு காலையும் விரல் விரலாக விரித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் விடுவதில்லை. பல் தினமும் துலக்க வேண்டும், நகம் மாதம் ஒரு முறை வெட்ட வேண்டும். அவை பழகிப்போகும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்று. குட்டி வந்த அன்றே எடுங்கள், ஆயுள் முழுக்கத் தொடரும் வகையில். மர்மர் என்று ஒரு தடவை குறிப்பில் ஏறிவிட்டால், பிறகு எடுக்கும் பெரும்பாலான பாலிசிகள் இதயத்தை ஒதுக்கிவிடும்.

2023இல் வருடாந்தரத் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் பேச்சை நிறுத்தினார். மறுபடி வைத்துக் கேட்டார். ஆறில் இரண்டாம் கிரேடு மர்மர் என்றார். அவ்வளவு சான்றுகள் பார்த்து வாங்கியும் வந்துவிட்டதே என்று அன்றைக்கு மனம் உடைந்துபோனது உண்மை. ஆனால் இங்கே பழகும் கவலியர்களில் நாலு வயதிலேயே மருந்து சாப்பிட ஆரம்பித்தவை உண்டு. மணிக்கு ஆறு வயது வரை இதயம் சுத்தமாக இருந்தது. அந்தக் கோப்பு எங்களுக்குக் கொடுத்தது அந்த வருடங்களைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் மூன்றாம் கிரேடு. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இடது மேலறை பெருத்திருந்தது தெரிந்தது. பி2 நிலை என்றார்கள், அதாவது இதயம் பெரிதாகிவிட்டது, ஆனால் மூச்சுத்திணறல் முதலான அறிகுறி இன்னும் வரவில்லை. இந்தக் கட்டத்தில் பிமோபென்டான் என்ற இதய மருந்தை ஆரம்பித்தால் இதயச் செயலிழப்பு சராசரியாகப் பதினைந்து மாதம் தள்ளிப்போகிறது என்று 360 நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. காலை ஆறரைக்கு ஒன்று, மாலை ஆறரைக்கு ஒன்று, வெறும் வயிற்றில் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் தீனி. அதனால்தான் ஃபிரிட்ஜில் நோட்டு. தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும், தொடர்ந்து தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். மே மாதம் ஒரு ராத்திரி 34 வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பார்த்தால் கால்கள் துடித்துக்கொண்டிருந்தன, கனவில் எதையோ துரத்திக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் கழித்து, கனவு அடங்கிய பிறகு எண்ணினேன். 21.

நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில், கவலியர்களை இப்போது இருக்கும் நிலையில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மணியை மடியில் வைத்துக்கொண்டுதான் அந்தச் செய்தியைப் படித்தேன். தீர்ப்பு சரி என்றே எனக்குப் பட்டது. இன்னொரு குட்டி வாங்குவாயா என்று தங்கை கேட்டாள். வாங்க மாட்டேன். வீடு இழந்த ஒரு வயதான கவலியர் கிடைத்தால், மர்மரோடு இருந்தாலும், கூட்டிவருவேன்.

நேற்று எடை 8.3 கிலோ. அடுத்த எக்கோ நவம்பரில். பாளையங்கோட்டையிலிருந்து அத்தை தினமும் வீடியோவில் கூப்பிட்டு, பேரப்பிள்ளையை விசாரித்த கையோடு, "இன்னைக்கு எத்தனைம்மா?" என்று கேட்பார். இருபத்திரண்டு அத்தை என்றேன். போனை அவன் பக்கம் திருப்பச் சொன்னார்.