மூக்குப் புற்றுநோய்: ஐந்து வருடக் கணக்கு எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது

மூக்கிலோ சைனஸிலோ (மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகள்) புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்தால் வீட்டில் எல்லோரும் கேட்பது, "எத்தனையாவது ஸ்டேஜ்?" கேட்க வேண்டியதுதான். கூடவே அது எந்த வகைக் கட்டி என்றும் கேளுங்கள். மறுபடி வந்தால் எங்கே வரும், எப்போது வரும் என்பது வகைக்கு வகை மாறும். ஐந்து வருடம் வராவிட்டால் தப்பித்தோம் என்ற கணக்கு அதனால்தான் எல்லோருக்கும் பொருந்தாது.

அதிகம் பார்ப்பது ஸ்குவாமஸ் வகை (உள்சவ்வின் தட்டையான செல்களில் தொடங்குவது), பெரும்பாலும் கன்னத்து சைனஸில். வேகமாக வளரும். திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள், அதுவும் முதலில் இருந்த இடத்திலேயே. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும். ஐந்து வருடம் தொந்தரவில்லாமல் கடந்தால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

சிறு சுரப்பிகளில் தொடங்கும் அடினாய்டு சிஸ்டிக் வகை இதற்கு நேர் எதிர். மெதுவாக வளர்வதால் 'சாதுவான கட்டி' என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிக பயம். நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து மண்டையோட்டின் அடிப்பகுதி வரை போய்விடும். முழுதாக எடுத்தாயிற்று என்று நினைத்த இடத்தைத் தாண்டியும் நரம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் ரேடியேஷனும் கொடுக்கிறார்கள். கன்னமோ மேலுதடோ மரத்துப்போனால் உடனே சொல்லிவிட வேண்டும். கழுத்து நெறிக்குப் போவது குறைவு. ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போகும். பத்து, பதினைந்து வருடம் கழித்தும் வரும்.

நிறமி செல்களில் தொடங்கும் மெலனோமா இரண்டையும்விட மோசம்: அதே இடத்திலும் திரும்பும், சீக்கிரமே உடம்பின் வேறு இடங்களுக்கும் பரவும். மோப்ப நரம்புப் பகுதியில் வரும் நியூரோபிளாஸ்டோமா பல வருடம் கழித்துக்கூடக் கழுத்தில் தலைகாட்டும். மரத்தூளில் வேலை செய்பவர்களுக்கு அதிகம் வருவது அடினோகார்சினோமா, சுரப்பி செல்களில் தொடங்கும் வகை. பெரும்பாலும் அதே இடத்தில்தான் திரும்பும். சேலத்தில் மர அறுவை மில், தச்சுப் பட்டறை வேலையில் இருப்பவர்கள் ஒரு பக்க மூக்கடைப்பையோ ரத்தக் கசிவையோ 'சைனஸ்தான்' என்று விட்டுவிடக் கூடாது.

ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்கு செக்கப்புக்காக வந்து போவது ஒரு நாள் கூலியைத் தின்னும். அஞ்சு வருஷம் ஆச்சு, போதும் என்று நிறுத்தத் தோன்றுவது நியாயம்தான். ஸ்குவாமஸ் என்றால் டாக்டரிடம் பேசி இடைவெளியை அதிகமாக்கிக் கேட்கலாம். அடினாய்டு சிஸ்டிக் என்றால் வருடம் ஒருமுறையாவது இறங்கி வாருங்கள், நெஞ்சு ஸ்கேன் எப்போது எடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பயாப்சி ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்துப் புதிதாக வரும் டாக்டருக்கும் அந்த வகைப் பெயர் வேண்டும்.