ரிச்சி தெரு பிக்சல் ஸ்ட்ரிப்: எதை நம்பி வாங்கலாம், எங்கே ஏமாறுவோம்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நாலு கடைக்கு ஒரு கடையில் எல்.இ.டி ரோல் தொங்குகிறது. ஆன்லைனில் பத்து இருபது ரூபாய் குறையலாம். ஆனால் ரோலைக் கையில் எடுத்து, வளைத்துப் பார்த்து, கவுன்டரிலேயே எரியவிட்டு வாங்க வேண்டுமென்றால் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம்தான் போக வேண்டும். இங்கே அலசுவது 12 அங்குல இன்ஃபினிட்டி மிர்ரர் (இரண்டு கண்ணாடிக்கு நடுவே விளக்கு வளையங்கள் முடிவில்லாமல் உள்ளே போவது போலக் காட்டும் சட்டம்) ஒன்று செய்யத் தேவையான சாமான்களை: பிக்சல் ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்.இ.டி-யும் தனித்தனி நிறத்தில் எரியக்கூடியது), பவர் சப்ளை, கன்ட்ரோலர், கண்ணாடி, ஃபிலிம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்ட்ரிப்பைச் சோதித்துவிட்டு நம்பி வாங்கலாம். பவர் சப்ளையில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. ரிமோட்டோடு வரும் குட்டி கன்ட்ரோலர் தண்டம்.

கவுன்டரில் டபிள்யூ.எஸ் 2812பி என்று மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட "பிக்சல் எல்.இ.டி" என்று கேட்டால் சட்டென்று எடுத்துப் போடுவார்கள். திருவிழாவில் மயில் தோகை விரிப்பது போல ஓடும் லைட் போர்டு போடுகிறவர்களும் இதே கடைகளில்தான் வாங்குகிறார்கள். சிக்கலும் அங்கேதான் வருகிறது. அவர்கள் வாங்குவது பெரும்பாலும் 50 பல்பு கோத்த நோடு செட்டும், எஸ்.டி கார்டு போடும் டி-1000எஸ் கன்ட்ரோலரும். நமக்கு வேண்டியது 5 வோல்ட், மீட்டருக்கு 60 எல்.இ.டி உள்ள ஸ்ட்ரிப். அதே பெயரில் 12 வோல்ட் ரகத்தையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். 5 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு 12 வோல்ட் கொடுத்தால் மொத்தமும் ஒரே நொடியில் போய்விடும்.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. செல்போன் டார்ச்சை அடித்து ஒரு எல்.இ.டி.க்குள் உற்றுப் பாருங்கள். வெள்ளைச் சதுரத்துக்குள் கறுப்பாக ஒரு பொட்டு தெரிந்தால் அது ஐ.சி., அதாவது பிக்சல். பொட்டு இல்லாமல், வெட்டும் இடத்தில் 4 செப்புப் பட்டைகள் இருந்தால் அது சாதாரண ஆர்.ஜி.பி (சிவப்பு-பச்சை-நீலம்) ஸ்ட்ரிப், முழுதும் ஒரே நிறத்தில்தான் எரியும். 5 வோல்ட் பிக்சலில் 3 பட்டைகள் இருக்கும், கத்தரிக்கோல் குறி ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் இருக்கும். குறி 3 எல்.இ.டி.க்கு ஒருமுறை வந்தால் அது 12 வோல்ட் டபிள்யூ.எஸ் 2811, அந்த மூன்றும் சேர்ந்துதான் நிறம் மாறும். ஒயர் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பல ரோல்களில் வெள்ளை ஒயர்தான் கிரவுண்ட், பச்சை டேட்டா (எந்த எல்.இ.டி எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று சொல்லும் சிக்னல்). ஸ்ட்ரிப்பில் அச்சடித்திருப்பதைப் படித்து, அம்புக்குறி போகும் திசையில் மட்டுமே டேட்டா கொடுக்க வேண்டும்.

5 மீட்டர் ரோல் ஆயிரம் ரூபாயைச் சுற்றி நிற்கிறது. கடைக்குக் கடை மாறும். ரோலில் அரை மீட்டருக்கு ஒரு சால்டர் இணைப்பு இருக்கும், பெரும்பாலான பழுது அங்கேதான். கவுன்டரில் ரோல் முழுவதையும் வெள்ளையில் எரியவிடச் சொல்லி, அந்த இணைப்புகளை மட்டும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் துடித்தால் வேறு ரோல் கேளுங்கள். "ஒரு பக்கம் மஞ்சளா எரியுதே" என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். அது ஸ்ட்ரிப்பின் குற்றமில்லை. ஒரே முனையில் கரண்ட் கொடுத்தால், ஸ்ட்ரிப்பின் மெல்லிய செப்பில் வோல்ட் குறைந்துகொண்டே போகும். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும். கடைக்கோடியில் நீலம் முதலில் சோர்ந்துபோகும், வெள்ளை மஞ்சளாகி அப்புறம் செங்காவியாகும். 5 மீட்டரையும் எரிப்பதானால் இரு முனையிலும், நடுவிலும் 5 வோல்ட் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பவர் சப்ளை. இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பிக்சல் முழு வெள்ளையில் அதிகபட்சம் 60 மில்லி ஆம்ப் இழுக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். 5 மீட்டரில் 300 பிக்சல், ஆக 18 ஆம்ப். 12 அங்குலச் சட்டத்துக்குள் சுற்றளவு சுமார் 120 சென்டிமீட்டர். 72 பிக்சல், 4.3 ஆம்ப். பெட்டியில் "5 வோல்ட் 10 ஆம்ப்" என்று அச்சடித்திருந்தால் 8 ஆம்புக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில், காற்றில்லாத ஷோகேஸுக்குள் வைப்பதானால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை போட்ட வெள்ளித் தகட்டுப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை) இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்தால் எடை வித்தியாசம் தெரியும். இறகு மாதிரி இருப்பதை வைத்துவிடுங்கள்.

அந்தப் பெட்டியில் 230 வோல்ட் முனைகள் வெளியே தெரியும்படிதான் இருக்கும். மூடி இல்லாமல் மேஜையில் வைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. எர்த் ஒயரைக் கட்டாயம் இணைக்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் தகட்டைத் தொடும்போது சுரீரென்று இழுக்கும். "அது அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஃபினிட்டி மிர்ரர் ஒன்று மட்டும்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இந்தப் பெட்டியே வேண்டாம். மூடிய பிளாஸ்டிக் அடாப்டர், 5 வோல்ட் 3 ஆம்ப், நல்ல கம்பெனியுடையது போதும். பிரகாசத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது கீழே.

ஒயரிலும் கணக்கு உண்டு. 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செப்பு ஒயர் மீட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லி ஓம். 2 மீட்டர் தூரத்துக்குப் போக, வர 4 மீட்டர். 72 மில்லி ஓம். 5 ஆம்ப் ஓடினால் ஸ்ட்ரிப்பைத் தொடும் முன்பே 0.36 வோல்ட் காலி. ரிப்பன் கேபிளிலும் ஸ்பீக்கர் ஒயரிலும் இழுத்துவிட்டு "சப்ளை டூப்ளிகேட்" என்று திட்டுவதில் நியாயமில்லை.

கன்ட்ரோலருக்கு வருவோம். 24 பட்டன் ரிமோட்டோடு வரும் பிக்சல் கன்ட்ரோலரில் ஓடும் டிசைன்கள் இரண்டே நாளில் சலித்துவிடும், பிக்சல் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லவும் வழியிருக்காது. அதன் விலையோடு கொஞ்சம் போட்டால் வைஃபை உள்ள குட்டி கன்ட்ரோலர் போர்டான ஈ.எஸ்.பி 32-ஐ வாங்கி, பிக்சல்களை ஓட்டும் இலவச மென்பொருளான டபிள்யூஎல்இடி-யை ஏற்றிவிடலாம். கணினியில் குரோம் உலாவி, டேட்டா போகும் யூ.எஸ்.பி கேபிள், இரண்டு நிமிடம். போர்டு தெரியவில்லையென்றால் பத்தில் எட்டு முறை குற்றவாளி கேபிள்தான். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் அந்தத் தெருவிலேயே குவியல் குவியலாகக் கிடக்கின்றன.

இதில் பலரைக் குழப்பும் ஓர் அமைப்பு உண்டு. டபிள்யூஎல்இடி முதலில் 850 மில்லி ஆம்ப் வரம்போடுதான் வரும். 72 பிக்சலையும் வெள்ளையில் போட்டால் மங்கலாக எரியும், உடனே ஸ்ட்ரிப் மட்டம் என்று முடிவு கட்டுவார்கள். எல்.இ.டி அமைப்புப் பக்கத்தில் இந்த எண்ணை உங்கள் அடாப்டருக்குத் தக்கபடி மாற்ற வேண்டும். 3 ஆம்ப் அடாப்டருக்கு 2500 என்று போடுங்கள். மூடிய சட்டத்துக்குள் 21 வாட் சூடு தேங்குவதையும் இதே வரம்புதான் தடுக்கிறது. சிவப்பு கேட்டால் பச்சை எரிகிறதா? நிற வரிசையை மாற்றுங்கள். ஸ்ட்ரிப்புக்குப் பச்சை-சிவப்பு-நீலம், நோடு செட்டுகள் பலவற்றுக்குச் சிவப்பு-பச்சை-நீலம்.

இனி, தெருவில் கேட்டு வாங்கும்போது பெரும்பாலும் தவறாகவே கைக்கு வரும் பொருள். ஈ.எஸ்.பி 32 தருவது 3.3 வோல்ட் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடும் பிக்சல், டேட்டா ஷீட் கணக்கில் சப்ளையின் 70 சதவீதத்தை, அதாவது 3.5 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. ஒயர் ஒரு சாண் அளவில் இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். நீண்டால் மின்மினி மாதிரி கண்ட நிறத்தில் சிமிட்டும். மருந்து, சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தித் தரும் 74ஏ.எச்.சி.டி 125 அல்லது 74எச்.சி.டி 125 ஐ.சி. கேட்டால் 74எச்.சி 125-ஐ நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்றில்லை. கடைசியில் "டி" இல்லாத ஐ.சி.யும் அதே 3.5 வோல்ட்டைத்தான் கேட்கும், வாங்கியும் பயனில்லை. நான்கு வழி லெவல் கன்வர்ட்டர் என்று விற்கும் குட்டி போர்டும் வேண்டாம். 800 கிலோ ஹெர்ட்ஸ் டேட்டாவுக்கு அதன் வேகம் இழுபறிதான். 125 ஐ.சி.யில் பயன்படுத்தும் பகுதியின் எனேபிள் காலை கிரவுண்டில் இணைக்க மறந்தால் ஒன்றுமே எரியாது.

ஐ.சி கிடைக்காத நாளில் ஒரு குறுக்கு வழி. ஸ்ட்ரிப்பிலிருந்து ஒரே ஒரு பிக்சலை வெட்டி எடுத்து, ஈ.எஸ்.பி 32-க்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே வைத்து, அதற்குப் போகும் 5 வோல்ட்டில் 1என் 4007 டயோடு ஒன்றை வைத்தால் சப்ளை 4.3 வோல்ட் ஆகும். அதன் 70 சதவீதம் 3 வோல்ட், 3.3 அதற்குத் தாராளம். அந்தப் பிக்சல் வெளிவிடும் டேட்டா அடுத்த பிக்சலுக்குப் போதுமான உயரத்தில் இருக்கும். காவல் நிற்கும் அந்த முதல் பிக்சலை எரியாமல் விட்டுவிடலாம். இதோடு டேட்டா ஒயரில் 330 ஓம் ரெசிஸ்டர், சப்ளை முனையில் 1000 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர். கெப்பாசிட்டரைத் தலைகீழாக மாட்டினால் வெடிக்கும், கோடு போட்ட பக்கம் மைனஸ்.

சட்டத்தின் மூலையில் ஸ்ட்ரிப்பை மடிக்காதீர்கள், செப்பு விட்டுப்போகும். குறியில் வெட்டி, மூன்று துண்டு ஒயரால் சால்டர் செய்வதே உறுதி. ஃப்ளக்ஸ் தொட்டு, 350 டிகிரியில் இரண்டு நொடிக்குள் முடிக்க வேண்டும். நின்று நிதானித்தால் பட்டை பெயர்ந்து வந்துவிடும். பின்னால் இருக்கும் ஒட்டு டேப்பை நம்ப வேண்டாம், சென்னைப் புழுக்கத்தில் ஆடி மாதத்துக்குள் தொங்கிவிடும். சிலிகான் போட்டு ஒட்டுவதானால் நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். புளிச்ச காடி வாசனை வரும் சாதாரண டியூப்பில் வெளியேறும் அமிலம் செப்பைப் பச்சை பிடிக்க வைக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் உப்புக் காற்றே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, நாமும் உதவ வேண்டாம்.

கண்ணாடிக்கு ரிச்சி தெரு உதவாது. பாரிமுனைப் பக்கமோ உங்கள் பேட்டையிலோ கண்ணாடி வெட்டும் கடையில் இரண்டு துண்டு கேளுங்கள்: பின்னால் 4 மில்லிமீட்டர் முகம் பார்க்கும் கண்ணாடி, முன்னால் அதே அளவில் வெறும் கண்ணாடி. ஓரம் பாலிஷ் செய்து தரச் சொல்லுங்கள், இல்லையேல் விரல் கிழியும். அக்ரிலிக் கனம் குறைவுதான், ஆனால் தூசியை இழுக்கும், கீறல் விழும், லேசாக வளைந்தாலும் பிம்ப வரிசை கோணிக்கொள்ளும்.

வெறும் கண்ணாடியின் உட்பக்கத்தில் வெள்ளிநிற சன் கன்ட்ரோல் ஃபிலிம் ஒட்ட வேண்டும். காருக்கு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடுத்தது. கட்டட ஜன்னலுக்கான ஃபிலிம் தாராளமாகக் கிடைக்கிறது. 15 முதல் 20 சதவீதம் வெளிச்சம் விடும் வகை நல்லது. 5 சதவீதம் இருண்டுபோகும், 50 சதவீதத்தில் ஆழமே வராது. கறுப்பு ஃபிலிமைக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். அது வெளிச்சத்தை விழுங்குமே தவிரத் திருப்பி அனுப்பாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தள்ளி, ஒரு நாள் முழுதும் காயவிட்ட பிறகே சட்டத்தில் மாட்டுங்கள்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் விட்டால் பிம்பங்கள் 60 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பின்னோக்கிப் போகும். பத்து வளையம் தெரிந்தால் சுவருக்குள் 60 சென்டிமீட்டர் குழி. ஆனால் கண்ணாடி 88 சதவீதமும் ஃபிலிம் 60 சதவீதமும் திருப்பி அனுப்பினால் ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல். ஐந்தாவது சுற்றில் 4 சதவீதம். அறை விளக்கை அணைத்தால்தான் பின் வளையங்கள் கண்ணில் படும். பகலில் ஹாலில் மாட்டிவிட்டு ஆழம் இல்லையே என்று ஏங்குவதில் பலனில்லை.

லேசர் மாட்யூலை மோட்டாரில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளில் அடித்துச் சுவரில் கோலம் போடும் விளையாட்டுக்கும் சாமான்கள் அங்கேயே கிடைக்கும். 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் சிவப்பு போதும். மலிவான பச்சை லேசரை வாங்காதீர்கள். பலவற்றில் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடியே இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிரும் சேர்ந்து வரும், அந்தக் கதிருக்குக் கண் சிமிட்டவும் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். வெட்டிய ரோலைத் திரும்ப வாங்க மாட்டார்கள், பில்லும் கேட்டால்தான் வரும். வீட்டுக்கு வந்த பிறகு முழு ஸ்ட்ரிப்பும் செத்துக் கிடந்தால் குப்பையில் போடும் முன் முதல் பிக்சலை வெட்டிவிட்டு இரண்டாவதில் டேட்டா கொடுத்துப் பாருங்கள். கிரவுண்ட் இணைக்காமல் டேட்டா கொடுத்தாலும், கரண்ட் ஓடும்போதே ஒயரைப் பிடுங்கிச் செருகினாலும் முதலில் சாவது பெரும்பாலும் அதுதான். மீதி 71-உம் பத்திரமாக இருக்கும்.