ஐந்து நிமிடமா, ஆட்டத்தை விட்டே வெளியேற்றமா?

ஐஸ் ஹாக்கியில் இருவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்துச்சண்டை போட்டால் என்ன தண்டனை? வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும், அப்புறம் மறுபடி ஆடலாம். சர்வதேசக் கூட்டமைப்பின் விதியில் அந்த ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். 2023இல் கனடாவின் கியூபெக் ஜூனியர் லீக்கும் (இளம் வீரர்களுக்கானது) வெளியேற்றத்தின் பக்கம் வந்துவிட்டது.

சண்டையை அனுமதிப்பவர்கள் சொல்லும் காரணம், நட்சத்திர வீரரைத் தொட்டால் அடி விழும் என்ற பயம் வேண்டும் என்பது. சரி, அந்த அடியை வாங்குபவர் கதி? சண்டை போடுவதற்கென்றே என்எச்எல் அணியில் இருந்த டெரெக் பூகார்ட் 2011இல் இறந்தபோது வயது 28. வலிமாத்திரையும் மதுவும் சேர்ந்து உயிரைப் பறித்தன. மூளையைச் சோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சிடிஇ என்ற சிதைவு தெரிந்தது. 28 வயதுப் பையன்! எனக்கு வேறு வாதமே தேவைப்படவில்லை. ஒலிம்பிக்கில் அதே என்எச்எல் நட்சத்திரங்கள் ஆடும்போது சண்டை அரிது. ஆட்டத்தின் வேகம் துளியும் குறைவதில்லை.

ஆனால் வெளியேற்ற விதி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஓடும் வேகத்தில் தோளால் தலையில் மோதுவது தனி ஆபத்து. அதற்கு என்எச்எல்லே 2010இல் தனி விதி கொண்டுவர வேண்டியிருந்தது.