உடைந்தது ஓர் இறகு, பிடுங்கியது நான்கு: காக்டெயில் வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை

காக்டெயில், லவ் பேர்ட்ஸ் போன்ற சிறு கிளிகளை வீட்டில் வளர்ப்பவர்கள், இரத்தம் சொட்டும் பறவையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் எந்தக் கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கே ஓடும் நிலை வருவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன். கடந்த பிப்ரவரி மாதம், சென்னைப் புறநகரில் எல்லாச் செல்லப் பிராணிகளுக்கும் 24 மணி நேரமும் சிகிச்சை உண்டு என்று பலகை வைத்திருக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் எங்களுக்கு நேர்ந்தது இது. புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரை எழுதவில்லை; பின்னூட்டத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

முத்து எங்கள் வீட்டுக் காக்டெயில். சாம்பல் நிற ஆண், அப்போது வயது இரண்டு. இறகுதிர்க்கும் பருவமாக இருந்ததால் அவனுடைய இடது இறக்கையில் புது இறகுகள் சில முளைத்துக்கொண்டிருந்தன. வளர்ந்துகொண்டிருக்கும் இறகின் தண்டுக்குள் இரத்த ஓட்டம் இருக்கும் என்பதும், வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் தண்டு நீலம் கலந்த கறுப்பாகத் தெரியும் என்பதும், வளர்ச்சி முடிந்த பிறகே இரத்தம் வற்றி அது வெறும் குழலாகும் என்பதும் வளர்ப்பவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். பிளட் ஃபெதர் என்று சொல்வது இதைத்தான். காக்டெயில்களுக்கு இருட்டில் திடீரென வெருண்டு கூண்டுக் கம்பிகளில் மோதிக்கொள்ளும் சுபாவமும் உண்டு. அன்று இரவு 11.40 மணிக்கு மின்சாரம் போய், கூண்டருகே எரியும் இரவு விளக்கும் அணைந்தது. அடுத்த நிமிடம் கூண்டுக்குள் ஒரே படபடப்பு. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது கம்பிகளிலும், பக்கத்துச் சுவரிலும், நாட்காட்டியின் மேலும் இரத்தத் துளிகள் சிதறியிருந்தன.

அந்த நேரத்தில் நாங்கள் செய்தது சரியான முதலுதவிதான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. என் மனைவி பறவையை ஒரு பருத்தித் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் உடைந்த தண்டின் நுனியில் சமையலறையிலிருந்து எடுத்த கார்ன் ஃப்ளோர் மாவைத் தூவி, மடித்த துணியால் ஏழெட்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்திருந்தேன். கிளினிக்கை அடைந்தபோது மணி 12.30. துண்டில் புதுச் சொட்டு ஒன்றுகூட இல்லை. நுனியில் மாவும் இரத்தமும் சேர்ந்து உறைந்து ஒரு சிறு கட்டியாக நின்றது. இரத்தம் நின்றுவிட்டிருந்தது என்ற இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உள்ளே பச்சை அங்கி அணிந்த ஓர் இளைஞர் இருந்தார். மருத்துவர் எங்கே என்று கேட்டேன். "டாக்டர் போன்ல இருக்காரு சார், நான் பார்த்துக்கிறேன்" என்றார். இரத்தம் நின்றுவிட்டதாகத் தெரிகிறது என்று சொன்னதற்கு, "வேரோட எடுத்தாதான் சார் நிக்கும், இல்லைன்னா காலையில பறவை இருக்காது" என்ற பதில் வந்தது. அதற்குப் பிறகு எதிர்த்துப் பேசும் தைரியம் எனக்கு இல்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

பறவையை எடை போடவில்லை. அங்கிருந்த ஒரே எடைமேடை நாய்களுக்கானது, தரையில் பதித்தது. அவர் முத்துவின் மார்பைச் சுற்றி முழுக் கையால் இறுக்கிப் பிடித்தார். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும். கழுத்தையும் தலையையும் விரல்களால் நிதானமாகத் தாங்கி, மார்பைத் தளர்வாக விடுவதே முறை என்று இப்போது தெரியும். அப்போது, அலகைத் திறந்து திறந்து மூடியதை வலி என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இடுக்கியால் உடைந்த இறகைப் பிடுங்கினார். அதோடு நிறுத்தவில்லை. அதை ஒட்டி முழுதாக, காயமே இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்த மேலும் மூன்று இறகுகளையும், "இதெல்லாமும் நாளைக்கு உடையும்" என்று சொல்லிக்கொண்டே வரிசையாகப் பிடுங்கினார். ஒவ்வொரு இழுப்புக்கும் முத்து எழுப்பிய ஒலியை இரண்டு ஆண்டுகளில் நாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை. இறகு போன குழிகளிலிருந்து இப்போது உண்மையாகவே இரத்தம் வந்தது. அந்தக் குழிகளுக்குள், நாய்க்கு நகம் வெட்டும்போது இரத்தம் கசிந்தால் தடவும் மஞ்சள் நிற மருந்துப் பொடியை விரலால் அழுத்தித் திணித்தார். அதன் பிறகு இரண்டு ஊசிகள். என்ன மருந்து என்று கேட்டதற்கு, "ஒண்ணு ஆன்டிபயாடிக், ஒண்ணு சத்துக்கு" என்றார்.

ரசீதை அப்படியே தருகிறேன்: இரவுப் பதிவுக் கட்டணம் 500, அவசர சிகிச்சை 1,000, இறகு அகற்றல் நான்கு, ஒன்றுக்கு 600 வீதம் 2,400, ஊசி 700, ஆக மொத்தம் 4,600 ரூபாய். இறகுக்கு இவ்வளவு என்று விலை வைத்திருப்பதைப் படித்தபோதுதான், நல்ல இறகுகள் மூன்று ஏன் போயின என்பது எனக்கு உறைத்தது. ரசீதில் மருந்தின் பெயர் இல்லை, மருத்துவரின் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை.

விடிந்தபோது முத்து கூண்டின் தரையில், இடது இறக்கையைத் தொங்கவிட்டு, உடலை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தினையைத் தொடவில்லை. பறவைகளையே பெரும்பாலும் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடி நகரத்துக்குள் போனோம். அவர் முதலில் செய்தது, ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் முத்துவை உட்கார வைத்து மின்னணுத் தராசில் எடை பார்த்தது. 88 கிராம். எக்ஸ்ரே எடுத்ததில், நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு இறகுக் குழிகள் கிழிந்து, சுற்றியுள்ள தோல் அந்தப் பொடியால் வெந்திருந்தது. எடைக்குக் கணக்கிட்டு மெலோக்சிகாம் என்ற வலி மருந்துச் சொட்டு எழுதிக்கொடுத்தார். பறவையைக் கதகதப்பாக வைத்திருக்கச் சொன்னார். எக்ஸ்ரேயையும் சேர்த்து 1,300 ரூபாய்.

அவர் பொறுமையாக விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். இறக்கையின் பெரிய இறகுகள் தோலில் மட்டும் ஊன்றியவை அல்ல. அவற்றின் வேர் எலும்பை ஒட்டியே பிடித்திருக்கிறது. ஆகவே தவறான கோணத்தில் இழுத்தால் இறக்கை எலும்பே முறியலாம். உடைந்த பிளட் ஃபெதரை உடனே பிடுங்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. அழுத்திப் பிடித்தும் மாவு வைத்தும் இரத்தம் நிற்காதபோது மட்டுமே, வலி மருந்து கொடுத்து, இறக்கையின் எலும்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மருத்துவரே அதைச் செய்ய வேண்டும். பறவையின் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இரத்தம். 90 கிராம் காக்டெயிலுக்கு அது 9 மில்லி. ஆரோக்கியமான பறவை அதில் ஒரு மில்லி, அதாவது சுமார் இருபது சொட்டு இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். சுவரில் தெறித்த துளிகள் நம் கண்ணுக்குப் பத்து மடங்காகத் தெரியும், அந்தப் பயத்தை வைத்துத்தான் ஆளுக்கு ஆள் பிழைக்கிறார்கள் என்றும் சொன்னார். இரவு போட்ட ஊசி எது என்று அவர் இரண்டு முறை கேட்டார். பெரிய பிராணிகளுக்குப் பரவலாகப் போடும் புரோக்கேன் பெனிசிலின் சிறு கிளிகளைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது "ஊசி 700" என்று அச்சடித்த ஒரு வரி மட்டுமே.

மூன்றாம் நாள் கிளினிக்குக்குப் போய், சிகிச்சைக் குறிப்பையும் மருந்துகளின் பெயரையும் எழுத்தில் கேட்டேன். குறிப்பேடு மருத்துவரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். மருத்துவர் அன்றும் இல்லை. வற்புறுத்தியபோது, அடுத்த முறை வரும்போது 500 ரூபாய் தள்ளுபடி தருவதாக மேலாளர் சொன்னார். அடுத்த முறை என்ற சொல்லை எந்த முகத்தோடு சொன்னார் என்று இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன்.

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984இல் இயற்றப்பட்டது. அதன்படி கால்நடை மருத்துவம் செய்பவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பட்டயம் பெற்ற உதவியாளர்கள் சில சிறு பணிகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். தொலைபேசியில் இருப்பதாகச் சொல்லப்பட்டு, கடைசிவரை அந்தத் தொலைபேசியிலும் வராத ஒருவரை மேற்பார்வையாளர் என்று ஏற்க முடியாது என்பது என் வாதம். மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு ஒரு மனுவும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு புகாரும் அனுப்பியிருக்கிறேன். சேவைக்கு நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது என்பதும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருப்பதும் எனக்கே இதற்குப் பிறகுதான் தெரியும். ரசீது, கூண்டின் படங்கள், எக்ஸ்ரே, இரண்டாவது மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை இணைத்தேன். பிடுங்கிய நான்கு இறகுகளை அன்றிரவே கேட்டு வாங்கி வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மூன்றின் தண்டுகள் முழுதாக இருந்ததை யாரும் மறுக்க முடியாது.

உங்கள் பறவைக்கு இப்படி நேர்ந்தால், மேசையில் வைத்ததும் எடை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். எடை தெரியாமல் அளவு கணக்கிட முடியாது, ஆகவே எடை பார்க்காத இடத்தில் ஊசி போட விடாதீர்கள். இரத்தம் இப்போது வருகிறதா என்பதை அவர்களோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். பறவை பார்க்கும் மருத்துவரின் எண்ணைப் பகலிலேயே தேடி எழுதி வைத்திருங்கள். அதை நான் செய்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

பிடுங்கிய இடத்தில் இரண்டு இறகுகள் ஏப்ரலில் மீண்டும் முளைத்தன. கிழிந்த குழிகள் இரண்டும் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. பக்கத்தில் தாங்குவதற்கு வளர்ந்த இறகுகள் இல்லாததால், புதிதாக வந்த இரண்டில் ஒன்று ஒரு மாலையில் ஊஞ்சல் கம்பியில் பட்டு உடைந்தது. அந்த முறை துண்டு, மாவு, மடித்த துணி, பத்து நிமிட அழுத்தம், பிறகு மங்கலான வெளிச்சத்தில் ஒரு மணி நேரக் காவல், அவ்வளவுதான். மறுநாள் மருத்துவரிடம் காட்டியபோது, "இருக்கட்டும், அடுத்த உதிர்ப்பில் தானாக விழுந்துவிடும்" என்று சொல்லி, எதையும் தொடாமல், ஆலோசனைக் கட்டணம் 400 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்.