ஐந்து வருடம் ஆகாத பி.எஃப்., பள்ளி நாளில் தொடங்கிய பி.பி.எஃப்.: எதில் கை வைப்பது?

என் தங்கை மகன் நான்கு வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டான். அடுத்த வேலை இன்னும் உறுதியாகவில்லை. அவன் தங்கையின் திருமணத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் தேவை. “மாமா, பி.எஃப். பணத்தை எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டான். அவனிடம் மூன்று கணக்குகள் இருக்கின்றன: வேலையில் சேர்ந்த பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவன் அப்பா தொடங்கிக் கொடுத்த பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), போன வருடம் அவனாகவே தொடங்கிய என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்). மூன்றுமே முதுமைக்கான சேமிப்புதான். ஆனால் நடுவில் எடுத்தால் வரி மூன்றையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

முதலில் பி.எஃப். தொடர்ந்து ஐந்து வருடப் பணி முடிவதற்குள் எடுத்தால் வரி உண்டு. அதுவும் வட்டிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை. நிறுவனம் போட்ட பங்கும் அதன் வட்டியும் சம்பள வருமானமாகக் கருதப்படும். நம் பங்குக்கு வந்த வட்டி, இதர வருமானம். நம் பங்குக்கு அந்த வருடங்களில் 80சி கழிவு (சேமிப்புக்காக வருமானத்தில் தரும் வரிக் கழிவு) பெற்றிருந்தால் அந்தச் சலுகையும் பறிபோகும். புதிய வரி முறையில் இருந்தவர்கள் அந்தக் கழிவைப் பெற்றிருக்கவே மாட்டார்கள் என்பதால் இந்தக் கடைசி அடி அவர்களுக்கு விழாது.

அவன் கணக்கையே போட்டுப் பார்த்தோம். அடிப்படைச் சம்பளம் 25,000. அதில் 12% அவன் பங்கு, 12% நிறுவனத்தின் பங்கு. மாதம் 6,000 வீதம் 48 மாதங்களுக்கு 2,88,000 ரூபாய், வட்டி தனி. நான்கு வருடமும் பழைய வரி முறையில் 20% அடுக்கில் இருந்தான், 80சி முழுவதும் கோரியிருந்தான். செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 20.8% என்றால் வட்டியைத் தொடாமலே 59,904 ரூபாய் வரி!

இங்கேதான் இளைஞர்கள் ஏமாறுகிறார்கள். எடுக்கும் தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப். அலுவலகம் 10% டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறது. பான் எண் இணைக்காவிட்டால் 20%. வரி முடிந்தது என்று அவர்கள் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது முன்கூட்டிப் பிடித்த தொகை மட்டுமே. இவன் கணக்கில் 28,800 பிடித்தாலும் இன்னும் 31,104 ரூபாயை வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும்போது அவன்தான் கட்ட வேண்டும். டி.டி.எஸ். தவிர்க்க உறுதிமொழிப் படிவம் கொடுக்கச் சொல்லும் நண்பர்கள் எங்கும் இருக்கிறார்கள். வருடத்தின் மொத்த வருமானத்துக்கு வரியே வராதவர்களுக்கான உறுதிமொழி அது. மற்றவர்கள் கையெழுத்திட்டால் பொய் உறுதிமொழி ஆகிவிடும்.

விலக்கும் இருக்கிறது. உடல்நலக் குறைவு, நிறுவனம் மூடப்பட்டது, ஊழியரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் என்று வேலை போனால் ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் வரி இல்லை. தானாக ராஜினாமா செய்தவனுக்கு அது பொருந்தாது. மேலும், வேலையின்றி இருப்பவர் கணக்கை முழுவதுமாக முடிக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்ட, 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. அவசரத் தேவைக்கு இதை நம்பியிருப்பது சரிவராது.

என்.பி.எஸ். பற்றி அதிகம் பேசவே இல்லை. பகுதித் தொகை எடுக்கக் கணக்கு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். அதுவும் நாம் போட்டதில் 25% வரைதான். அந்தப் பணத்துக்கு வரி இல்லை என்பது உண்மையிலேயே நல்ல சலுகை. ஆனால் பிள்ளைகளின் படிப்பு, பிள்ளைகளின் திருமணம், வீடு, கடும் நோய் என்று காரணங்கள் வரையறுக்கப்பட்டவை. தங்கையின் திருமணம் அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணன்கள் தோள்கொடுத்துத் திருமணம் நடக்கும் வீடுகள் எத்தனை என்று தெரிந்த எனக்கு இது உறுத்துகிறது. கணக்கையே பாதியில் முடித்தால் பொதுவாக 80% ஆன்யூட்டிக்கு, அதாவது தவணையாக ஓய்வூதியம் தரும் திட்டத்துக்கு, போய்விடும். அதிலிருந்து வரும் ஓய்வூதியம் ஒவ்வொரு வருடமும் வரிக்கு உட்பட்டது.

மிஞ்சியது பி.பி.எஃப். இதில் ஏழாவது நிதியாண்டு முதல் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, வரியும் இல்லை. அளவுதான் கொஞ்சம் குழப்பும்: நான்கு வருடத்துக்கு முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகை, போன நிதியாண்டு முடிவில் இருந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதில் பாதி. அவன் கணக்குக்குப் பன்னிரண்டு வயது. குறைவான தொகை 3 லட்சம் என்பதால் ஒன்றரை லட்சம் எடுக்கலாம். கணக்கை முழுவதும் மூடுவது வேறு. அதற்கு ஐந்து நிதியாண்டு முடிந்திருக்க வேண்டும். கடும் நோய், உயர்கல்வி, வெளிநாட்டுவாசி ஆவது போன்ற காரணம் வேண்டும். தொடங்கிய நாளிலிருந்தே வட்டியில் 1% குறைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்றேன்.

ஒன்றரை லட்சத்தை பி.பி.எஃப்.பில் எடுத்தான். மீதி ஒரு லட்சத்துக்கு அவன் அம்மாவின் வளையல்களை வங்கியில் அடகு வைத்தார்கள். நகைக்கடனுக்கு வட்டி உண்டுதான். ஆனால் ஒரு லட்சத்துக்கு ஒரு வருட வட்டி, பி.எஃப்.பை உடைத்தால் போகும் 59,904 ரூபாய்க்குப் பக்கத்தில்கூட வராது.

பி.எஃப். அப்படியே இருக்கிறது. புதிய வேலையில் சேர்ந்ததும் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மூலம் பழைய இருப்பைப் புதிய கணக்குக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். மாற்றினால் பழைய நான்கு வருடமும் பணிக்காலத்தில் சேரும். இன்னும் ஒரு வருடம் உழைத்தால் ஐந்து ஆகிவிடும். மாற்றாமல் விட்டுவைத்தால் வட்டி சேரும். ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, சும்மா இருந்த காலமும் பணியாகாது. பழைய நிறுவனம் வேலையை விட்ட தேதியைச் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடச் சொன்னேன். பார்க்காமல் விட்டால், அதில் இருக்கும் பிழை மாற்றும்போதுதான் தெரியவரும்.